“அவருக்கு நெகட்டிவ், எனக்கு மட்டும் ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ்”

கேள்வி: எனக்கு வயது 28. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. காரணம் தெரிய வேண்டும் என்று ‘டார்ச்’ ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அதில் ஹெச்எஸ்வி 1+2 ஐஜிஎம் 1.3 என்றும், 1.1-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்றும் போட்டிருக்கிறது. ஐஜிஜி-யும் பாசிட்டிவ். ரூபெல்லாவுக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ் என்று இருக்கிறது. கணவருக்கு ஹெர்ப்பிஸ் ஐஜிஎம் மட்டும் எடுத்தோம், நெகட்டிவ். எனக்கு அந்தரங்கப் பகுதியில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. பன்னிரண்டு வயதில் இடுப்பில் அக்கி வந்து, செம்மண் குழைத்து எழுதினார்கள், அவ்வளவுதான். இது உடலுறவால் பரவும் நோய் என்று நாத்தனார் கைபேசியில் படித்துச் சொன்னதிலிருந்து வீட்டில் பேச்சே மாறிவிட்டது. கணவர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் முன்போலப் பேசுவதும் இல்லை. பத்து நாளைக்கு அசைக்ளோவிர் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த முடிவு சரியானதா? இதனால்தான் கரு கலைந்ததா? அடுத்த குழந்தைக்கு ஆபத்து உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் நீங்கள் இணைத்திருந்த பரிசோதனைத் தாளின் நகலையும் இரண்டு முறை படித்தேன். மருத்துவ விளக்கங்களுக்குப் போகும் முன், உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் உள்ள எந்த எண்ணும் உங்களுக்குப் பால்வினை நோய் இருப்பதாகச் சொல்லவில்லை. உங்கள் நடத்தையைப் பற்றியோ உங்கள் கணவருடைய நடத்தையைப் பற்றியோ சாட்சி சொல்லும் தகுதி அந்தப் பரிசோதனைக்குக் கிடையாது. பால்வினை நோய்ப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, இதே தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, துணைக்கு யாரையும் அழைத்து வராமல், தனியாக வந்து நிற்கும் பெண்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டதில்லை. அந்தத் தாள் என்ன சொல்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர்தான் தேவைப்பட்டார்.

ஹெச்எஸ்வி என்று உங்கள் தாளில் சுருக்கமாக எழுதியிருப்பது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ். அதில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயையும் உதட்டையும் சார்ந்தது. காய்ச்சல் விடும் சமயத்தில் உதட்டோரம் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வந்து, எரிந்து, ஒரு வாரத்தில் பொருக்குக் கட்டி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டுக் கொப்புளம் என்று வீட்டில் சொல்லிவிடுவோம். அதை உண்டாக்குவது இந்த முதல் வகைதான். பாசத்தோடு குழந்தைக்கு முத்தம் கொடுக்கும் பெரியவர்களிடமிருந்து இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. தொற்றிய பலருக்குக் கொப்புளமே வராததால், தொற்றியது யாருக்கும் தெரியாமலே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, இந்த முதல் வகை இருக்கிறது. இரண்டாம் வகை முக்கியமாக உடலுறவால் பரவுவது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக அதே கணக்கு சொல்கிறது.

இப்போது உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். ‘ஹெச்எஸ்வி 1+2’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நடுவில் உள்ள அந்தக் கூட்டல் குறியைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இரு வகை வைரஸ்களும் உடன்பிறந்தவை போன்றவை. அவற்றின் புரதங்களில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். இரண்டின் புரதங்களையும் கலந்து வைத்துச் செய்யும் பரிசோதனை, உங்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், முதல் வகைக்கு எதிராக உண்டானதா, இரண்டாம் வகைக்கு எதிராக உண்டானதா என்று பிரித்துச் சொல்லாது. ஐஜிஜி என்பது தொற்றுக்குப் பின் ரத்தத்தில் நிலைத்து நிற்கும் எதிர்ப்பொருள். எனவே உங்கள் ஐஜிஜி பாசிட்டிவ் என்பதற்கு, இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்று உங்கள் வாழ்நாளில் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மூன்று வயதில் பாட்டி கொடுத்த முத்தத்தால் வந்திருந்தாலும் தாளில் இதே எண்தான் வந்திருக்கும். கைபேசியில் ‘ஹெர்ப்பிஸ்’ என்று தேடினால் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றிய செய்திகள். உங்கள் நாத்தனார் படித்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை; ஆனால் அது உங்கள் தாளைப் பற்றிய செய்தி அன்று.

ரூபெல்லா, சைட்டோமெகலோ ஆகியவற்றின் ஐஜிஜி பாசிட்டிவ் குறித்துக் கவலை வேண்டாம். பழைய தொற்றாலோ, ரூபெல்லாவைப் பொறுத்தவரை தடுப்பூசியாலோ வந்த எதிர்ப்பாற்றல் அது. கருத்தரிக்கப்போகும் பெண்ணுக்கு ரூபெல்லா ஐஜிஜி இருப்பதையே மருத்துவர்கள் விரும்புவோம்.

ஐஜிஎம் 1.3 என்ற எண்ணைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கிருமி புதிதாக நுழைந்ததும் உடல் முதலில் உண்டாக்குவது ஐஜிஎம், பின்னால் வந்து நிலைப்பது ஐஜிஜி என்றுதான் பள்ளிப் புத்தகம் முதல் மருத்துவப் புத்தகம் வரை படிக்கிறோம். ஆகவே ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் தொற்று அண்மையில் வந்தது என்று முடிவு கட்டுவது இயல்பாகத் தோன்றும். பல நோய்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும்; ஹெர்ப்பிஸுக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளாக நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும் வைரஸ் சற்றே தலைதூக்கும் போதெல்லாம் ஐஜிஎம் மறுபடியும் தோன்றக்கூடும். அது மட்டுமன்றி, ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்பொருளும், மூட்டுவாத நோய்களில் காணப்படும் ருமட்டாய்டு காரணியும் இந்தப் பரிசோதனையை ஏமாற்றிப் பாசிட்டிவ் காட்ட வைக்கும். உங்கள் எண்ணோ எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. அதே ரத்தத்தை வேறொரு நிறுவனத்தின் கருவியில் ஓட்டினால் நெகட்டிவ் என்று வரவும் வாய்ப்பு உண்டு. இந்தக் காரணங்களால், ஹெர்ப்பிஸைக் கண்டறிய ஐஜிஎம் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் ஊர் ஆய்வகங்கள் இன்னும் அதைத் தொகுப்போடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

அக்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் உடலில் உறங்கிக் கிடந்து, பின்னொரு நாளில் ஒரு நரம்பின் வழியே வெளிப்படுவது. ஆங்கில மருத்துவத்தில் அதற்கும் ஹெர்ப்பிஸ் என்று தொடங்கும் பெயரே இருப்பதால் குழப்பம் வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள்தான் என்றாலும் நோய் வேறு. அக்கி உடலுறவால் வருவதன்று. உங்களுக்குப் பன்னிரண்டு வயதில் வந்ததற்கும் கரு கலைந்ததற்கும் தொடர்பில்லை.

அடுத்து, வீட்டில் பேச்சை மாற்றிய அந்த ஒப்பீட்டுக்கு வருகிறேன். உங்களுக்குப் பாசிட்டிவ், கணவருக்கு நெகட்டிவ், ஆகவே வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின் முதல் வரியே தவறு. உங்கள் கணவருக்கு எடுத்தது ஐஜிஎம் மட்டும். ஐஜிஎம் நெகட்டிவ் என்பது அவருடைய உடலில் ஹெர்ப்பிஸ் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பழைய தொற்று உள்ளவர்களில் மிகப் பலருக்கு ஐஜிஎம் நெகட்டிவாகத்தான் இருக்கும். அவருக்கு ஐஜிஜி எடுத்திருந்தால், உலகத்து மக்களில் பெரும்பாலோருக்கு வருவது போல அவருக்கும் பாசிட்டிவ் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நிரூபிப்பதற்காக இப்போது அவருக்கு ஒரு பரிசோதனை எடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஒரு தவறான கேள்விக்குப் பதில் தேடி இன்னொரு தாளை வாங்கினால், சந்தேகம் உங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்கு மாறுமே தவிரத் தீராது.

உண்மையிலேயே இரண்டாம் வகை வைரஸ் ஒருவருக்கு இருப்பது உறுதியானாலும்கூட, அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. வைரஸ் முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், இரண்டாம் வகை வைரஸ் இருப்பது ரத்தத்தில் தெரிந்தவர்களில் 87 விழுக்காட்டினரிடம் அதுவரை எந்த மருத்துவரும் அப்படி ஒரு நோய் இருப்பதாகச் சொன்னதில்லை. கணவனோ மனைவியோ திருமணத்துக்கு முன்பே தொற்றைப் பெற்று, தமக்கே தெரியாமல் வாழ்ந்து, பத்து ஆண்டுக்குப் பின் முதல் கொப்புளத்தைக் காண்பதும் நடக்கக்கூடியதே. ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துத் துணையை விசாரிப்பவர்களிடம் நான் இதை அழுத்திச் சொல்வதுண்டு.

“வகை பிரிக்கும் பரிசோதனை எடுத்துவிட்டால் தெளிவாகிவிடுமே” என்று உங்களுக்குத் தோன்றும். அப்படி ஒன்று இருப்பது உண்மை. இரு வைரஸ்களிலும் மாறுபடும் கிளைக்கோபுரோட்டீன்-ஜி என்ற ஒரே புரதத்தை வைத்து, முதல் வகைக்குத் தனியாகவும் இரண்டாம் வகைக்குத் தனியாகவும் ஐஜிஜி பார்ப்பார்கள். இப்போது எடுத்த பரிசோதனையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. பெரிதும் பயன்பாட்டில் உள்ள எலைசா முறையில், இரண்டாம் வகைக்கான குறியீட்டு எண் 1.1 முதல் 3.0 வரை வந்தால் அது பலமுறை பொய்யான பாசிட்டிவாக இருக்கிறது. ஆகவே வேறு முறையில் செய்யும் இரண்டாவது பரிசோதனையால் உறுதி செய்யாமல் அதை நம்பக் கூடாது என்பது இன்றைய வழிகாட்டுதல். முதல் வகையிலோ தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. அதே கருவி, முதல் வகைத் தொற்று உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரைத் தவறவிட்டுவிடுகிறது. உறுதி செய்வதற்குச் சிறந்ததாகக் கருதப்படும் வெஸ்டர்ன் பிளாட் முறை நம் ஊர்களில் கேட்டவுடன் கிடைக்கக்கூடியதும் அன்று.

பரிசோதனை நன்றாக இருந்தாலும் முடிவு ஏன் தவறாகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. எந்த அறிகுறியும் இல்லாத 1000 பெண்களில் 40 பேருக்கு இரண்டாம் வகைத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொற்று உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்து, இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் ஒரு நல்ல பரிசோதனையை எல்லோருக்கும் செய்கிறோம். 40 பேரில் 38 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 960 பேரில் ஐந்து விழுக்காடு, அதாவது 48 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, தாளைக் கையில் வாங்கிக் கலங்கிப்போகும் 86 பெண்களில் 48 பேருக்கு அந்த நோயே கிடையாது. 95 விழுக்காடு துல்லியம் என்று ஆய்வகம் சொல்வது பொய்யில்லை. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் அந்தத் துல்லியம் போதாது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஹெர்ப்பிஸ் ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று 2016-இல் சொல்லி, 2023-இல் மறுபடியும் அதையே உறுதிப்படுத்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயைத் தடுக்கும் பலன் சிறிதாகவும், பொய்யான முடிவால் குடும்பங்களில் உண்டாகும் காயம் பெரிதாகவும் இருக்கிறது. அந்தக் காயம் எப்படிப்பட்டது என்பதை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் எனக்கு உணர்த்தின.

கரு கலைந்ததற்கு இது காரணமா என்று கேட்டீர்கள். இல்லை என்றே சொல்வேன். முதல் மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு உண்மையாகவே முதல்முறை ஜனன உறுப்பு ஹெர்ப்பிஸ் வந்தாலும், அதனால் கருச்சிதைவு அதிகமாகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் பால்வினை நோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்கு அப்படிப் புண்ணே வந்ததில்லை. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்துவிடும் பிழையால் கலைபவை. அந்தப் பிழையை நீங்கள் உண்ட உணவோ, செய்த வேலையோ, போன பயணமோ உண்டாக்கவில்லை.

டார்ச் பரிசோதனையின் பின்னணியையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே நாமியாஸும் அவருடைய குழுவினரும், பிறவியிலேயே நோய்க்குறிகளோடு பிறக்கும் குழந்தைகளிடம் எந்தக் கிருமியைத் தேடுவது என்பதற்காகச் சில தொற்றுகளை ஒன்றாகத் தொகுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்காகப் பிறந்த தொகுப்பு அது. கரு கலைந்த தாயிடம் காரணம் தேட உருவாக்கப்பட்டதன்று. மீண்டும் மீண்டும் கரு கலையும் பெண்களுக்குக்கூட அதனால் பயனில்லை என்று பிரிட்டன் மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டார்கள். உங்களுக்கு எழுதிக்கொடுத்த மருத்துவர் அக்கறையோடுதான் எழுதியிருப்பார்; ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று குடும்பங்கள் கேட்கும்போது கையில் இருக்கும் பரிசோதனையை எழுதும் பழக்கம் எங்கள் துறையில் வேரூன்றிவிட்டது.

அடுத்த குழந்தையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்கு ஹெர்ப்பிஸ் தொற்றுவது கடுமையான நோய்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உலக அளவில் பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் நடக்கும் அரிய நிகழ்வு அது. தாய்க்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் முதன்முறையாக ஜனன உறுப்பில் தொற்று ஏற்பட்டால்தான் ஆபத்து பெரிது. அப்போது 30 முதல் 50 விழுக்காடு வரை குழந்தைக்குத் தொற்றக்கூடும். தாய்க்கு ஏற்கெனவே பழைய தொற்று இருந்தால், அவருடைய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதால் அந்த ஆபத்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது, உங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஐஜிஜி, குழந்தைக்குப் பாதுகாப்பு தரும் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் தாளையே ஒதுக்கிவிட்டு எந்தக் கர்ப்பிணிக்கும் நான் சொல்வது இதுதான்: கடைசி மூன்று மாதங்களில் கணவருக்கு உதட்டிலோ உறுப்பிலோ கொப்புளம் வந்தால் அந்த நாட்களில் நெருக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள், வாய்வழி உறவால் முதல் வகை வைரஸும் ஜனன உறுப்பில் தொற்றும். பிரசவ வலி எடுக்கும்போது அங்கே எரிச்சலோ புண்ணோ இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிடலாம். அடிக்கடி புண் வருபவர்களுக்கு 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். குழந்தை பிறந்த பின், உதட்டில் கொப்புளம் உள்ள உறவினர் யாராக இருந்தாலும், மாமியாரே ஆனாலும், குழந்தையை முத்தமிட அனுமதிக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. அறிகுறி எதுவும் இல்லாத உங்களுக்கு, ஐஜிஎம் எண்ணை மட்டும் வைத்து அசைக்ளோவிர் தேவைப்படாது என்பது என் கருத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்தப் பதிலைக் காட்டி, ஏன் கொடுத்தார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அது பாதுகாப்பான மருந்துதான், ஆனால் உறங்கும் வைரஸை உடலைவிட்டு நீக்காது, ஐஜிஜி-யை நெகட்டிவாகவும் மாற்றாது. ‘போய்விட்டதா’ என்று பார்ப்பதற்காக டார்ச் பரிசோதனையை மறுபடியும் எடுக்காதீர்கள். என்றாவது அந்தரங்கப் பகுதியில் கொப்புளமோ புண்ணோ தோன்றினால், ஓரிரு நாட்களுக்குள், அது காய்வதற்கு முன், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் போய்ப் புண்ணிலிருந்தே பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துப் பிசிஆர் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்பதை நேரடியாகச் சொல்வது அதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள், நீங்கள் சொல்வதை வெளியே விடமாட்டார்கள். புண் எதுவும் வராமலே, வேறு ஏதாவது காரணத்தால் உங்களுக்கு ஐயம் இருந்தால் மட்டும், ஐயத்துக்குரிய நாளிலிருந்து 12 வாரங்கள் கழித்து, இரண்டாம் வகைக்கான தனி ஐஜிஜி எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் எதிர்ப்பொருள் உருவாகாமலிருந்து பொய்யான நெகட்டிவ் வரக்கூடும்.

உங்கள் கணவர் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்காமல் இருப்பது சந்தேகத்தால் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். தானே அறியாமல் உங்களுக்கு எதையோ கொடுத்துவிட்டோமோ என்ற பயத்தாலும் ஆண்கள் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிலை அவரே படிக்கக் கொடுங்கள். அதன் பிறகும் சொல்லத் தயங்கும் கேள்வி ஏதாவது மிச்சமிருந்தால், இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள்.

ஒருமுறை கரு கலைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த முறை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். உடலும் மனமும் ஆயத்தமானதும் முயலலாம். அதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரையையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச் தாளைக் கிழிக்க வேண்டாம். கோப்பிலேயே வைத்து, அதன் மேல் ஒரு சிறு தாளில் ‘வகை பிரிக்காத பரிசோதனை, இதுவரை புண் வந்ததில்லை, சிகிச்சை தேவைப்படவில்லை’ என்று உங்கள் மருத்துவரையே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தின்போது வேறொரு மருத்துவமனையில் அந்தக் கோப்பைத் திறப்பவர் முதலில் அந்த வரியைப் படிக்கட்டும்.